காவல்துறைமீது கொடுத்த புகாரே கசிந்துவிட்டது, இனி யாரைக் கேட்பது?

வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர், நாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

விசாரணை என்று சொல்லி அவருடைய தம்பியை அழைத்துப்போன காவல் அதிகாரி ஒருவர், இரவு முழுக்க நிலையத்தில் வைத்து அடித்திருக்கிறார். வழக்கு எதுவும் பதியவில்லை, காலையில் அனுப்பிவிட்டார்கள். வாசகி துணிந்து, காவல்துறைமீதான புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான ஆணையத்திடம் எழுத்தில் புகார் கொடுத்தார். மருத்துவச் சான்று, தம்பியின் வாக்குமூலம், தம்பி போனதையும் திரும்பி வந்த கோலத்தையும் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவரின் வாக்குமூலம் மூன்றும் கோப்பில் இருக்கின்றன. எல்லாம் இரகசியமாக இருக்கும் என்று அங்கே உறுதி சொன்னார்கள்.

பதினொரு மாதம் கழித்து, அந்த அதிகாரிக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்தார். புகாரில் இருந்த ஒரு வரியை அப்படியே சொல்லி, "இதையெல்லாமா எழுதுவீர்கள்?" என்று சிரித்துவிட்டுப் போனார். ஒன்பது நாள் கழித்துத்தான் ஆணையத்தின் கடிதம் வந்தது. கணினி அமைப்பைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் நடந்த கோளாறால் சில கோப்புகள் "அணுகப்பட்டிருக்கக்கூடும்" என்று அதில் இருந்தது. அப்புறம் நண்பர் ஒருவர், இணையத்தில் கிடைத்ததென்று ஒரு பட்டியலை அனுப்பினார். நூற்றுக்கணக்கான புகார்தாரர்களின் விவரம், நடுவில் இவருடைய பெயரும் முகவரியும்.

"வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. புகாரைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். ஆணையத் தலைவரைப் பதவி நீக்கச் சொல்லி மனுப் போட முடியுமா? தப்பு ஒப்பந்தக்காரருடையது என்கிறார்களே, அப்படியானால் ஆணையத்தை ஒன்றும் செய்ய முடியாதா? சுயேச்சையான அமைப்பை யார்தான் கேட்பது? இந்தப் பட்டியலைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா? இழப்பீடு கிடைக்குமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. காவல்துறையைக் கண்டு பயந்தவர்கள் கடைசியாகப் போய் நிற்கிற இடம் அந்த ஆணையம். அங்கே கொடுத்த காகிதம், யாருக்குப் பயந்து அங்கே போனீர்களோ அவர் கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வங்கிக் கணக்கு எண் கசிந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். கொடுத்த வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை.

ஆனாலும் வேலி மேய்ந்ததா, படலைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கியதா என்பது இன்னும் தெரியவில்லை. சட்டத்தில் இந்த வித்தியாசம் பெரியது. ஒருவர் வேண்டுமென்றே கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அது குற்றம், கொடுத்தவரும் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும். காபந்து இல்லாமல் கிடந்த கோப்பை எவரோ எடுத்திருந்தால் அது ஆணையத்தின் அலட்சியம். உங்கள் கதையில் இரண்டும் நடந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இணையத்தில் வந்தது பெயரும் முகவரியும் உள்ள பட்டியல். வாசலில் நின்றவர் சொன்னதோ புகாரின் உள்ளே இருந்த வரி. பட்டியலில் அந்த வரி இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், அவருக்கு அது வேறு வழியில் போயிருக்கிறது. முதலில் இதைச் சரிபாருங்கள்.

புகாரைத் திரும்பப் பெறாதீர்கள்

திரும்பப் பெற்றால் கோப்பு அழிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அழியாது. பதிவேடு இருக்கத்தான் செய்யும், வெளியே போன நகலும் திரும்பி வராது. நீங்கள் இழப்பது, புகார்தாரர் என்ற முறையில் விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்கிற உரிமையை மட்டும்தான். அதோடு, "அவர்களே வாபஸ் வாங்கிவிட்டார்கள், புகாரில் உண்மை இருந்தால் வாங்குவார்களா?" என்று எதிர்த்தரப்பு பேச நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். வாசலுக்கு ஆள் அனுப்பியவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கோப்பு கசிந்துவிட்டதால் சாட்சியம் செல்லாமல் போய்விடுமோ என்றும் ஓர் இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். போகாது. மருத்துவச் சான்றை யார் பார்த்துவிட்டார்கள் என்பதால் காயம் பொய்யாகிவிடுவதில்லை.

இப்போது உங்கள் கையில் மூன்று விவகாரங்கள் இருக்கின்றன: தம்பியை அடித்தது, கோப்பு கசிந்தது, வாசலுக்கு ஆள் வந்தது. மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால், மூன்று மேசைகளுக்கும் போய் எந்த மேசையிலும் நிற்காது. தனித்தனியாக எழுதுங்கள். மூன்றாவதுதான் அவசரம். புகார்தாரரை மிரட்டுவது பெரும்பாலான நாடுகளில் தனிக் குற்றம். வந்தவர் "மிரட்டவில்லை, சும்மா கேட்டேன்" என்பார். அதனால் நாள், நேரம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் யார் என்பதையெல்லாம் இன்றே எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடு, அதே நிலையத்துக்குப் போகாமல், மாவட்ட அளவிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரிக்கும் ஆணையத்துக்கும் ஒரே நாளில் எழுத்தில் கொடுங்கள். ஏற்பு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்தை அணுகும் வழியும் உண்டு, அதற்கும் இந்தக் குறிப்புத்தான் அடிப்படை.

ஒப்பந்தக்காரர்மீது பழி போட்டால் ஆணையம் தப்பிக்குமா?

தப்பிக்காது. இதற்கு முன்னுதாரணமே இருக்கிறது, அதுவும் காவல்துறைப் புகார்களை மேற்பார்க்கும் ஓர் அமைப்பில் நடந்தது. 2006 மார்ச்சில், ஹாங்காங்கில் காவல்துறைமீதான புகார்களைக் கண்காணிக்கும் சுயேச்சைக் குழுவிடமிருந்த சுமார் 20,000 புகார்தாரர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை இணையத்தில் கிடப்பது தெரியவந்தது. கணினி வேலைக்காக ஒப்பந்தக்காரரிடம் கொடுத்த தகவல், வெளியார் எட்டக்கூடிய சர்வரில் போய் உட்கார்ந்திருந்தது. அங்கேயும் முதலில் கை ஒப்பந்தக்காரரை நோக்கித்தான் நீண்டது. அந்த ஊரின் தனியுரிமை ஆணையர் விசாரித்து அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார். தகவலைக் காப்பாற்றத் தேவையான நடவடிக்கைகளை எடுக்கத் தவறியது அந்தக் குழுதான், சட்டத்தின் பாதுகாப்புக் கோட்பாட்டை மீறியதும் குழுதான் என்பது அவர் முடிவு. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதையே இன்னும் கறாராகச் சொல்லியிருக்கிறார்கள். பல்கேரியாவின் தேசிய வருவாய் முகமையின் கணினிக்குள் 2019-இல் புகுந்து 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவலை எடுத்து இணையத்தில் போட்டார்கள். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2023 டிசம்பரில் வந்த தீர்ப்பில் மூன்று விஷயங்கள் உங்களுக்கு உதவும். திருடன் வெளியிலிருந்து வந்தான் என்பதாலேயே தகவலை வைத்திருந்த அமைப்பு பொறுப்பிலிருந்து கழன்றுவிட முடியாது. பாதுகாப்பு போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது அந்த அமைப்பு. தகவல் தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற பயமேகூட இழப்பீட்டுக்குரிய பாதிப்பாக இருக்கலாம். நீங்கள் அந்த ஒன்றியத்துக்குள் இல்லையென்றால் இந்தத் தீர்ப்பு உங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஒரு பேரங்காடி நிறுவனத்தின் ஊழியர், நிறுவனத்தின்மீதிருந்த வஞ்சத்தால் சுமார் 1,00,000 சக ஊழியர்களின் சம்பள விவரங்களை இணையத்தில் போட்டார். 2020-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், அந்தத் தனிப்பட்ட வஞ்சத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்றது. எனவே "எங்கள் ஆள் ஒருவன் செய்த துரோகம், நாங்கள் என்ன செய்ய?" என்று ஆணையம் சொல்ல வாய்ப்பிருக்கிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த ஆளுக்கு உங்கள் கோப்பைத் திறக்கும் அனுமதி ஏன் இருந்தது, திறந்தது ஏன் எவர் கண்ணிலும் படவில்லை?

சுயேச்சை என்றால் யாரிடமிருந்து?

ஆணையம் சுயேச்சையானது, ஆகவே அதைக் கேட்க ஆளில்லை என்பது உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆணையங்களே சில சமயம் அப்படிப் பேசுவதுண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தச் சுயேச்சை, காவல்துறையும் அரசும் விசாரணையில் தலையிடாமல் இருப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. "என் கோப்பை எங்கே வைத்தீர்கள்?" என்ற கேள்வி விசாரணையில் தலையீடு ஆகாது.

கேட்கக்கூடிய இடங்கள் நான்கு. தகவல் பாதுகாப்புக்கான ஒழுங்குமுறை ஆணையர் இருந்தால் அவர். ஆணையம் எந்தச் சட்டமன்றத்துக்கு ஆண்டறிக்கை கொடுக்கிறதோ, அதன் குழு. அரசு அலுவலகங்களின் நிர்வாகக் குறைகளை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். கடைசியாக, உயர் நீதிமன்றம். எது எவ்வளவு பயன்படும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவின் 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சிங்கப்பூரின் சட்டமும் அரசு அமைப்புகளை வெளியே வைத்து, அவற்றுக்கு வேறு விதிகளைத் தருகிறது. இந்தியாவில் 2023-இல் வந்த சட்டம், அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்குத் தர இடம் வைத்திருக்கிறது. அதனால் "தனியுரிமைச் சட்டம் இருக்கிறதே" என்று நம்பி நேரே ஒழுங்குமுறை ஆணையரிடம் ஓடுவதற்கு முன், உங்கள் ஆணையத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தாத இடத்தில் நீதிமன்றம்தான் வழி. இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததால், அங்கே ரிட் மனுவுக்கு உறுதியான தளம் உண்டு.

தலைவரைப் பதவி நீக்குவது வேறு விஷயம். இத்தகைய பதவிகளில் இருப்பவரைச் சுலபமாக நீக்க முடியாதபடிதான் பொதுவாகச் சட்டம் எழுதுவார்கள். அப்படி எழுதாவிட்டால், காவல்துறைக்குப் பிடிக்காத அறிக்கை வந்த மறுவாரமே தலைவர் வீட்டுக்குப் போய்விடுவார். உங்களைப் பாதுகாக்கப் போட்ட பூட்டு இப்போது உங்களுக்கே குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், தலையைக் கேட்பதைவிடக் கணக்கைக் கேளுங்கள். தலைவர் ராஜினாமா செய்தால் அவரோடு கேள்விகளும் வெளியே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வருபவர், "அது என் காலத்தில் நடக்கவில்லை" என்று தொடங்குவார்.

என்ன கேட்டு எழுதுவது?

கடிதத்தில் இந்தப் பகுதியைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஆணையத்தின் கடிதத்தில் "அணுகப்பட்டிருக்கக்கூடும்" என்ற ஒற்றைச் சொல்லைப் பாருங்கள். யார் அணுகினார் என்பதைச் செயப்பாட்டு வினை மறைத்துவிட்டது, அணுகினார்களா என்பதைக் "கூடும்" மறைத்துவிட்டது. உங்கள் பதில் இந்தச் சொல்லைப் பிரித்துக் கேட்பதாக இருக்க வேண்டும்.

உங்கள் கோப்பில் எந்தெந்தப் பகுதி வெளியே போனது? பெயரும் முகவரியும் மட்டுமா, புகார் முழுவதுமா, இணைப்புகளுமா, சாட்சியின் பெயருமா? ஆணையத்துக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது? உங்களுக்கு எழுத ஏன் இத்தனை நாள்? ஐரோப்பியச் சட்டத்தில், தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை ஆணையருக்குச் சொல்லிவிட வேண்டும், ஆபத்து அதிகம் என்றால் பாதிக்கப்பட்டவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். உங்கள் நாட்டில் இவ்வளவு கறாரான காலக்கெடு இல்லாமல் இருக்கலாம், தேதியைக் கேட்பதற்குக் கெடு தேவையில்லை. ஒப்பந்தக்காரருக்கு உண்மையான கோப்புகளைக் கொடுத்தது ஏன், சோதனைக்குப் போலித் தகவல் போதாதா? புகாருக்கு உள்ளான அதிகாரிக்கு விசாரணையின் எந்தக் கட்டத்தில் என்ன நகல் கொடுத்தீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். பல இடங்களில், பதில் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்பதற்காகக் குற்றச்சாட்டின் சாரத்தை அதிகாரிக்குச் சட்டப்படியே தருவார்கள். வாசலில் வந்தவர் சொன்ன வரி அப்படிப் போனதாகவும் இருக்கலாம். அப்படியானால் கசிவை அதற்குக் காரணமாகக் காட்டி நீங்கள் போடும் வழக்கு அந்த இடத்தில் பலவீனமாகும், மிரட்டல் புகார் மட்டும் அப்படியே நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உங்கள் கோப்பை யார், எப்போது திறந்தார் என்பதைக் கணினி குறித்து வைத்திருக்கும். அந்தப் பதிவுகளைப் பல அமைப்புகள் சில வாரமோ சில மாதமோதான் வைத்திருக்கும், அதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். நீங்கள் நல்ல வழக்கறிஞரைத் தேடி அலையும் நாட்களிலேயே உங்கள் சிறந்த சாட்சி தானாக அழிந்துகொண்டிருக்கலாம். எனவே இந்த வாரமே ஆணையத்துக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு பத்திக் கடிதம் போதும்: என் கோப்பு தொடர்பான அணுகல் பதிவுகள் அனைத்தையும் அழிக்காமல் பாதுகாக்கவும், நீதிமன்றத்தில் தேவைப்படும். அதற்குப் பிறகு அழித்தால், அழித்ததே அவர்களுக்கு எதிரான கேள்வியாகும்.

பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். நீதிமன்றத்தை அணுகுவதற்கு இங்கிலாந்து போன்ற இடங்களில் மூன்று மாதம்தான் பொதுவான வரம்பு. உங்கள் நாட்டு வரம்பை முதலில் விசாரித்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலை என்ன செய்வது?

பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கிற மற்றவர்களும் உங்களைப் போலவே பயந்துபோய் அந்த ஆணையத்திடம் வந்தவர்கள். கசிந்த தகவல் என்று தெரிந்தே அதைப் பரப்புவது சில நாடுகளில் குற்றமும் ஆகும். பாதிக்கப்பட்டவரான நீங்கள் குற்றம் சாட்டப்படுபவராக மாறத் தேவையில்லை. உங்கள் வரி தெரியும்படி, மற்றவை மறைத்து, ஒரு திரைப்பிடிப்பு எடுங்கள். இணைய முகவரியையும் பார்த்த நேரத்தையும் குறித்துக்கொண்டு ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பக்கத்தை நீக்கச் சொல்லுங்கள். நண்பரிடமும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பத்திரிகையிடம் பேச வேண்டுமென்றால், கசிவு நடந்தது என்பதையும் உங்களுக்கு வந்த கடிதத்தையும் வைத்துப் பேசலாம்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை பெரிய தொகையை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வட அயர்லாந்தில் 2023 ஆகஸ்டில், தகவல் அறியும் கோரிக்கை ஒன்றுக்கு அனுப்பிய எக்செல் கோப்பில் ஒளிந்திருந்த ஒரு பக்கத்தின் வழியாகக் காவல்துறையினர் 9,483 பேரின் விவரம் வெளியானது. சிலர் வீடே மாற வேண்டியிருந்தது. ஒழுங்குமுறை ஆணையர் 2024-இல் 7,50,000 பவுண்டு அபராதம் போட்டார். பொதுப்பணம் என்பதால் குறைத்துப் போட்ட தொகை அது. அபராதமும் இழப்பீடும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். இந்தியாவின் 2023 சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் அது அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. இழப்பீட்டுக்குத் தனியாக வழக்குப் போட்டு, உங்களுக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்ட வேண்டும். தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பார்த்தது, பூட்டு மாற்றியது, தம்பி வேலைக்குப் போகாத நாட்கள், இவற்றுக்கான ரசீதும் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். பட்டியலில் உள்ள மற்றவர்களும் வழக்குத் தொடுத்தால் சேர்ந்து நடத்துவது செலவைக் குறைக்கும். ஆனால் பட்டியலைப் பார்த்து அவர்களுக்கு நீங்களே போன் செய்யக் கூடாது. வழக்கறிஞர் வழியாகக் கேளுங்கள், ஆணையமே எல்லோருக்கும் தெரிவிக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று மிச்சமிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர். பெயர் வெளியே வராது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆணையத்தின் கடிதம் அவருக்கு வந்ததா என்று உங்கள் நான்கு பக்கத்திலும் இல்லை. புகார்தாரர்களுக்கு மட்டும் எழுதிவிட்டுச் சாட்சிகளை மறந்துவிடுவது நடக்கக்கூடியதுதான். அவர் வாசலுக்கும் ஆள் வந்து, அவர் உங்களிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். இன்று மாலையே அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்.